காலவரம்பு இல்லை

இசக்கிமுத்து தேங்காயை ஓங்கி உடைத்ததும் தேயிலை ஃபேக்டரி விழித்துக்கொண்டது. இரண்டு நாளாகச் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு சும்மா கிடந்த ரோலர்கள் சுற்றத் தொடங்கின. டிரையரின் ஊதுவிசிறி இருமி இருமி மூச்சைப் பிடித்தது. கொழுந்து வாடவைக்கும் தொட்டிகளுக்கு அடியிலிருந்து காற்று கிளம்பி மாடிப் பலகைகளை அதிரவைத்தது. ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த இயந்திரங்களில் ஒன்றே ஒன்று மட்டும் எழுந்திருக்கவில்லை. அது கோகிலவாணியின் பொறுப்பில் இருந்த சர்வர்.

பொறுப்பு என்பதும் இன்று பகல் வரைக்கும்தான். ஒன்றரை மணிக்குக் கூடலூரிலிருந்து கோயம்புத்தூர் பஸ். நாளைக் காலை ஒன்பது மணிக்குள் அங்கே ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். சேரும்போது, பழைய இடத்திலிருந்து விடுவித்த கடிதம் அசலாகக் கையில் இருக்க வேண்டும் என்று அவர்கள் இரண்டு முறை போனில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதம் தயாராகத்தான் இருந்தது. ஹெட் ஆபீஸ் எண்ணும் மேனேஜர் பெயரும் போட்டாயிற்று; அச்சடித்துக் கையெழுத்து வாங்குவது மட்டும்தான் பாக்கி. ஆனால் அது இருந்த இடம் இந்த சர்வருக்குள்ளே.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு காலத்தில் தேநீரைச் சுவைத்துப் பார்க்கும் அறையாக இருந்த இடம் அது. நீளமான மேடையில் இன்னும் கோப்பைகளின் வட்டக் கறைகள் இருந்தன. ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல், அதுவும் திறக்காத ஜன்னல். கதவைச் சாத்தினால் ரோலர் சத்தம் சுவருக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

கறுப்புத் திரையில் ஒரு வரி நின்றிருந்தது. மேல் டிவிஷன் கோப்புறையை இணைக்கும் வேலை நடந்துகொண்டிருப்பதாக அது சொன்னது. வரியின் தொடக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும், கூண்டுக்குள் நடக்கும் பிராணியைப் போல, போய்ப் போய்த் திரும்பின. கடைசியில் இதுவரை கடந்த நேரம். எவ்வளவு நேரம் வரை காத்திருக்கும் என்று சொல்ல வேண்டிய இடத்தில், வரம்பு இல்லை என்று இருந்தது.

எஸ்டேட்டில் இரண்டு சர்வர்கள். ஒன்று இங்கே ஃபேக்டரியில், மற்றது நான்கு கிலோமீட்டர் மேலே, மேல் டிவிஷன் ஆபீஸில். கொழுந்தின் எடை இங்கே போடப்பட்டு, அங்கே உள்ள ஆட்களின் கணக்கில் பதிவாகும்; அந்த ஆட்களின் வருகை அங்கிருந்து இங்கே வந்து சேரும். இதன் கோப்புகள் அதற்கும், அதன் கோப்புகள் இதற்கும் சொந்தக் கோப்புகள் போலவே தெரியும்படி நெட்வொர்க்கில் பகிர்ந்து வைத்தவள் கோகிலவாணி. மூன்று வருடத்துக்கு முன்னால், புத்தகத்தையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்துத் தனியாளாகச் செய்து முடித்தது. அன்றைக்கு அவள் ரொம்பப் பெருமையாக வீட்டுக்கு நடந்து போனாள்.

அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அதே வரி. கேபிளைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். அதே வரி. மேல் டிவிஷனுக்கு போன் செய்தாள். அங்கே கணக்கெழுதும் ரைட்டர் வேலை பார்க்கும் விமல் எடுத்தார்.

"விமலண்ணே, உங்க சர்வர் ஓடுதா?"

"பச்சை லைட்டு எரியுதும்மா. ஃபேனும் சத்தம் போடுது. என்னைவிட சுறுசுறுப்பாத்தான் இருக்கு."

"உங்களைவிடவா? அது ஒண்ணும் பெரிய விஷயமில்லண்ணே."

"ஊரை விட்டுப் போற அன்னிக்கும் வாய் குறையல பாரு உனக்கு."

இரண்டு இடத்துக்கும் நடுவில் ஓடும் கம்பியைக் குரங்குகள் இழுத்துவிடுவது உண்டு. சில்வர் ஓக் கிளை விழுந்து அறுத்ததும் உண்டு. அப்படி ஏதாவது இருக்கக் கூடாதா என்று அவள் ஆசைப்பட்டாள்; கம்பி அறுந்திருந்தால் அது யாருடைய தவறும் இல்லை. பழைய லேப்டாப்பை எடுத்து மேல் டிவிஷன் சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். உடனே பதில் வந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி பதில். கம்பி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோப்புறையைக் கேட்டால் மட்டும் ஒன்றும் வரவில்லை. இருக்கிறேன் என்று குரல் கொடுக்கிறது. கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது.

அந்தக் குணமுள்ள ஒரு ஆளுடன் அவள் முப்பத்திரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறாள்.

அவளுடைய அம்மா ஆண்டாயி ஏழு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். நாற்பது வருடம் இந்த எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றாள். தொழிலாளர்களுக்கு விடும் லைன் வீடு எஸ்டேட்டின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான். ஆண்டாயியின் பெயர் போன பிறகு மகளின் பெயரில் வீடு நின்றது. மகளின் பெயரும் போனால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த விதி. அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"நீ மொதல்ல போயி வேலைல ஒக்காந்து ஒரு வீட்டப் பாரு. அப்புறம் நான் என்னான்னு சொல்றேன்" என்பாள் ஆண்டாயி.

"நீங்க வர்றதா இருந்தாத்தானேம்மா எந்த மாதிரி வீடுன்னு நான் பாக்க முடியும்? வரலைன்னா ஹாஸ்டல் போதும்."

"நீ இன்னும் போகவே இல்லையே. போகாத ஊருக்கு நான் எப்படி வாறேன்னு சொல்றது?"

நான்கு வருடமாக இதே பேச்சு. இதற்குள் மூன்று வேலைகள் வந்து, அவள் பதில் போடாததால் கைவிட்டுப் போயிருந்தன. நேற்றிரவு மகள் துணிகளை அடுக்குவதை ஆண்டாயி சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் ஒரு தடவ பொட்டி கட்டினது போதும்" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பதே முக்காலுக்கு மேனேஜர் சிவகுரு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் பூஜைப் பொரி. ஒரு பிடியை அவள் மேடையில் வைத்தார்.

"ஏம்மா கோகிலா, என்னதான் வேணுமாம் அதுக்கு?"

"மேல் டிவிஷனுக்காகக் காத்துட்டிருக்குங்க சார்."

"நாம போயி வெத்தலை பாக்கு வெச்சுக் கூட்டிட்டு வரணுமாக்கும்?"

அவள் சிரித்தாள். பிறகு, காலையிலிருந்து மனத்தில் ஒத்திகை பார்த்ததைச் சொன்னாள். "சார், அந்தக் கடிதத்தை நீங்க கையாலயே எழுதிக் குடுத்தீங்கன்னா, நான் ஒன்றரை பஸ்ஸைப் புடிச்சிருவேன்."

"எழுதிக் குடுக்கறது பெரிய காரியமில்லீம்மா. நம்பர் இல்லாத கடிதத்தை அங்க ஒருத்தனும் மதிக்க மாட்டான். நம்பரு அதுக்குள்ளதான இருக்குது?" திரையைப் பார்த்தார். நட்சத்திரங்கள் போய்த் திரும்பின. "இதை எழுப்பி உட்டுட்டுப் போ. நீ செஞ்சது. வேற யாருக்கும்மா இங்க தெரியும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி வந்து போனதை அவள் பார்த்தாள். சிவகுரு கெட்டவர் இல்லை, சிக்கலே அதுதான். எடை போடும் இடத்தில் நோட்டு எழுதிக்கொண்டிருந்தவளை ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பியவர் அவர். "இந்தப் புள்ளை இல்லைன்னா எனக்குக் கை உடைஞ்ச மாதிரி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ ஒன்று நிறையும். அப்படி நிறைந்து நிறைந்துதான் அது கனத்துப்போயிருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ போயிருப்பாள்.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. எடை போடுகிறவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிரையரைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிமுத்து ஒரு முறை எட்டிப் பார்த்து, "எங்க டிரையரு அறுவது வருசமா ஒரு நாளும் இப்பிடிச் சண்டித்தனம் பண்ணதில்ல தாயி. நீ அதுக்குச் சுண்டல் வெச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் நகத்தைக் கடித்தாள். ஐந்தாவது தடவையாக அணைத்துப் போட்டபோது, அதே வரி வருவதற்கு முன்பே அதன் முழு வாசகமும் அவள் உதட்டில் வந்துவிட்டது.

விடை இங்கே இல்லை, மேலே இருக்கிறது என்று அப்போதுதான் பட்டது. பச்சை விளக்கு எரிகிறது என்று விமல் சொன்னதை நம்பிவிட்டாள். அந்த சர்வருக்குத் திரையே கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"அண்ணே, உங்க மேசையில இருக்கற மானிட்டரைக் கழட்டி சர்வர்ல மாட்டுங்க."

"கரண்டு அடிக்காதே?"

"அடிக்காதுண்ணே. பின்னாடி பட்டையா ஒரு துளை இருக்கும்."

முனகல், ஏதோ விழும் சத்தம், யாரையோ திட்டும் சத்தம். பிறகு விமல் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். "என்னமோ ஸ்டார்ட் ஜாப்னு போட்டிருக்கு. செவப்பா கோடு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது. ஃபேக்டரின்னு உன்னோட பேரு இருக்கு. நாலு மணி நேரம் சொச்சம். அப்புறம் நோ லிமிட்."

கோகிலவாணி எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணே, பூஜைக்கு அதை நீங்க ஆஃப் பண்ணீங்களா?"

"பின்ன? பேனா, சீலு, ஆளுங்க பேரு எழுதற பெரட்டு நோட்டு எல்லாத்தையும் சாமி முன்னாடி வெச்சுட்டு, இது ஒண்ணை மட்டும் வேலை வாங்கறதா? போன வருசம் வரைக்கும் பொட்டு மட்டும் வெப்பேன். என் சம்சாரம்தான், அதுவும் ஆயுதம்தானேன்னு கேட்டா. நியாயம்தானேன்னு அணைச்சுட்டேன். ஏன், நீ உன்னுதை அணைக்கலையா?"

அணைத்திருந்தாள். மூன்று வருடமாக அவளும் பொட்டு மட்டும்தான் வைத்தாள். இந்த முறை, இதுதான் கடைசி பூஜை என்ற நினைப்பில், தன்னோடு இத்தனை நாள் உழைத்ததற்கு இரண்டு நாளாவது ஓய்வு இருக்கட்டும் என்று, விளக்கேற்றிக் கும்பிட்டு, தன் கையாலேயே அணைத்தாள். இவ்வளவு காலமும் இரண்டில் ஒன்று எப்போதும் விழித்திருந்தது. மின்சாரம் போனாலும் ஒரு இடத்தில் போனால் இன்னொரு இடத்தில் இருந்தது. விழித்திருக்கும் ஒன்று, விழிக்கும் மற்றொன்றைக் கைகொடுத்து எழுப்பியது. இப்போது இரண்டும் ஒரே நேரத்தில் எழப் பார்க்கின்றன. நீ கதவைத் திற, அப்புறம் நான் திறக்கிறேன் என்று இதுவும், நீ முதலில் திற என்று அதுவும், காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கின்றன. எதுவும் பழுதாகவில்லை. சொன்னபடி நடக்கின்றன.

சொன்னது அவள். இப்படிக் காத்திரு என்று அந்த வரியை எழுதும்போது வேறு வழியும் தெரிந்துதான் இருந்தது. மற்றது வராவிட்டாலும் பரவாயில்லை, நீ எழுந்திரு, அது வரும்போது சேர்த்துக்கொள் என்றும் எழுதியிருக்கலாம். அவள் பயந்தாள். ஆரம்பத்தில் ஒரு நாள் இணைப்பு இல்லாமலே சர்வர் எழுந்து, ஒரு பகல் முழுக்கப் பதிவானதெல்லாம் அதே பெயருள்ள ஒரு காலிக் கோப்புறைக்குள் போய்விட்டது. உண்மையான கோப்புறை வந்ததும் அது அடியில் மறைந்துபோனது. பெண்கள் சாயங்காலம் கூடையோடு வந்து, அவரவர் எடையை ஞாபகத்திலிருந்து சொல்லும்படி ஆனது. அந்த வரிசையில் அம்மாவும் நின்றாள். அன்றிரவே காலவரம்பை எடுத்துவிட்டாள். இழப்பதைவிட நிற்பது மேல் என்று அப்போது தோன்றியது. அதை எழுதிய கை சர்வரை மட்டும்தான் நினைத்ததா என்று இப்போது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. யாரும் இல்லாமல் தானாக எழுந்துகொள்ளும் ஒன்றை அவள் தன் வாழ்க்கையில் எங்கேயும் செய்து வைத்ததில்லை.

மணி பன்னிரண்டு.

மறுபடி அணைத்துப் போட்டாள். முதல் சில நொடிகளில் விசையை அழுத்தி நிறுத்தி, எந்த இணைப்பையும் தேடாத வெறும் நிலையில் அதை எழுப்பினாள். கடவுச்சொல்லை அடித்தாள். தொடங்கும்போது எதையெதையெல்லாம் இணைக்க வேண்டும் என்ற பட்டியல் இருந்த கோப்பைத் திறந்தாள். மேல் டிவிஷன் வரி அங்கே இருந்தது. அதை அழிக்கவில்லை. கடைசியில் இரண்டே கட்டளைகளைச் சேர்த்தாள்: கிடைக்காவிட்டால் நிற்காதே, பின்னணியில் முயன்றுகொண்டிரு. பிறகு எடை பதியும் நிரலுக்குள் போய், உண்மையான கோப்புறையில் மட்டும் இருக்கும் ஒரு அடையாளக் கோப்பைக் கண்டாலொழிய எழுதாதே என்று ஒரு சோதனையைப் போட்டாள். மூன்று வருடத்துக்கு முன் பயந்ததற்கு மருந்து இவ்வளவுதான். இருபது நிமிடம்.

சர்வர் எழுந்தது. அது எழுந்த இரண்டாவது நிமிடம் மேலே விமல் கத்தினார். "கோகி! செவப்புக் கோடு போச்சு! என்னமோ பேரு கேக்குது!"

அவள் கடிதத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். சிவகுரு கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து கீழ் வரை வாசித்தார். பேனாவைத் திறக்கவில்லை.

"பாத்தியாம்மா, நீ வந்து தொட்டதும் எந்திரிச்சிருச்சு. நாளைக்கு இதே மாதிரி ஆனா நான் யாரைக் கூப்புடுவேன்? பொங்கல் வரைக்கும் இரு. அந்த ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நானே பேசறேன். உங்கம்மாளும் ஊட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை பாரு."

கடைசி வாக்கியத்தை அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். சரிங்க சார் என்ற வார்த்தை பழக்கத்தில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம் என்று உடம்பு சொன்னது. மூன்று முறை அப்படிச் சொன்ன உடம்பு.

"ஒரு நிமிசம் வாங்க சார்" என்றாள்.

சர்வர் அறைக்குள் அவரை அழைத்துப்போய், கதவோரம் நின்றுகொண்டு விமலுக்கு போன் செய்தாள். "அண்ணே, உங்களுதை அணைச்சிருங்க."

"இப்பத்தானம்மா வந்துச்சு!"

"அணைங்க. நான் சொல்றப்ப போட்டாப் போதும்."

பிறகு தன் சர்வரையும் அணைத்தாள். திரை இருண்டது. சிவகுரு பதறிப்போனார். "ஏனுங்க, என்ன பண்றீங்க நீங்க!" என்று, பதற்றத்தில் மரியாதைப் பன்மைக்கே மாறிவிட்டார்.

"இப்ப ரெண்டும் அணைஞ்சிருக்கு சார். காலையில இருந்த மாதிரியேதான். நான் தொட மாட்டேன். அந்தப் பொத்தானை நீங்க அழுத்துங்க."

"நானா? எனக்கு இதெல்லாம்..."

"என்னைத் தவிர யாராலயும் முடியாதுங்கற மாதிரி செஞ்சு வெச்சவ நான்தான் சார். அது என் தப்பு. திருத்திட்டேன். நீங்க அழுத்துங்க."

அவர் விரலை நீட்டி, சூடான அடுப்பைத் தொடுவதுபோல் தொட்டார். விசிறி சுற்றியது. வரிகள் ஓடின. மேல் டிவிஷன் வரி வந்தது, கிடைக்கவில்லை என்று ஒரு நொடி சொன்னது, நின்றுகொண்டிருக்காமல் அடுத்த வரிக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் பெயர் கேட்கும் கட்டம் வந்து நின்றது. சிவகுரு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏமாந்தவர் போலவும் இருந்தார், ஏதோ இறக்கி வைத்தவர் போலவும் இருந்தார்.

"இப்பப் போடுங்கண்ணே" என்று அவள் விமலிடம் சொல்லிவிட்டு போனை வைத்தாள். சிவகுரு மேடையில் வைத்தே கையெழுத்துப் போட்டார். சீல் குத்தும்போது தலையை நிமிர்த்தாமல், "ஊட்டுச் சாவி... ஒரு மாசம் டைம் இருக்குது. விதி அப்படி. நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார்.

"தெரியுங்க சார்."

ஒன்றே காலுக்குக் கிளம்பிய ஜீப்பில் நின்றுகொண்டே கூடலூருக்கு வந்து, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறினாள். கடைசிக்கு முந்தைய வரிசையில், காலையிலேயே கையோடு கொண்டுவந்திருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, பெருத்த ஒரு அம்மாளுக்கும் கம்பிக்கும் நடுவில் இடம் கிடைத்தது. நடுவட்டத்துக்குக் கீழே மூன்றாவது வளைவில் பஸ் நின்றது. பூஜை விடுமுறைக்கு வந்த கார்கள் மேலேயும் கீழேயும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றிருந்தன. முக்கால் மணி நேரம் போயிற்று. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒரு வேனின் நீல உடம்பு. கடிதம் பைக்குள் இருந்தது. இருந்தும் அவளுக்கு விடுபட்டதாக இல்லை. அந்த ஜன்னல் திறக்காத அறையையும் கூடவே ஏற்றிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது.

அம்மாவின் போன் வந்தது.

"லெட்டரு குடுத்துட்டாரா தொர?"

"குடுத்துட்டாரும்மா. பஸ்ஸுல இருக்கேன்."

"சோத்துக்கு வருவேன்னு பாத்தேன்."

"நேரமில்லம்மா."

இந்த இடத்தில் வழக்கமாக அவள் கேட்பாள், நீங்க என்னம்மா முடிவு பண்ணீங்க என்று. நாக்கு நுனி வரை வந்ததை விட்டுவிட்டாள்.

"அம்மா, ரெண்டு காம்பரா இருக்கற வீடாப் பாக்கப் போறேன். இந்த வாரத்துக்குள்ள புடிச்சிருவேன்."

"நான் வாறேன்னு சொன்னேனா?"

"சொல்லல. நானும் கேக்கல. வந்தா ஒரு ரூமு உங்களுக்கு. வராட்டி அது சும்மா கெடக்கும்."

பெருத்த அம்மாள் தூங்கி அவள் தோளில் சாய்ந்தாள். கீழே யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். போனை வைத்துவிட்டாள் போல என்று நினைத்தபோது ஆண்டாயியின் குரல், யாரிடமோ வேறு எதையோ விசாரிப்பதுபோல, வந்தது.

"அந்த ஊட்டுல வெறகு அடுப்பு மூட்ட விடுவாங்களா?"

"தெரியலம்மா. கேட்டுப் பாக்கறேன்."

"கேளு. கேஸு அடுப்புல வெந்தது எனக்கு எறங்காது." கொஞ்சம் பொறுத்து, "வாறேன்னு நான் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

பஸ் ஓரடி முன்னால் போய், மறுபடி நின்றது.